வண்டியில் ஏறாதவள்

ஏரிக்கரை முகாம்,
சஸ்காட்சுவான், கனடா.
14 ஜூன் 2023

அன்புள்ள விஜயா அக்காவுக்கு,

மாலா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே மழை பிடித்திருக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கும். தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னால் கேட்கிறாரா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். என் போன் ஏரித் தண்ணீரில் விழுந்துவிட்டது. வேறு வாங்கும்வரை இதுதான். யாங்கோனுக்கு நேராகத் தபாலில் போட்டால் எப்போது சேருமோ தெரியாது. அதனால் பாங்காக்கில் உன் சிநேகிதி சஜிதாவின் தையல் கடைக்கு அனுப்புகிறேன். அவள் யார் கையிலாவது கொடுத்து அனுப்பிவிடுவாள்.

நாங்கள் கேம்ப்பிங் வந்திருக்கிறோம். கூடாரம் அடித்து ஏரிக்கரையில் தங்குவது இங்கே பெரிய பொழுதுபோக்கு. நீ பார்க்கவேண்டும் அக்கா. மலை என்கிறார்கள், ஆனால் மரமே இல்லாத மலை. வெறும் புல். மேடும் பள்ளமுமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. காற்றடித்தால் மொத்த மலையும் அசைவதுபோல் தெரியும். ஏரியில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதக்கின்றன. இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிறது, சூரியனுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியவில்லை.

அவர் நன்றாக இருக்கிறார்.

பதில் எழுதினால் முகாமின் விலாசத்துக்கே எழுது. உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். முகாமை நடத்துகிற டோரீன் அம்மாள் வாங்கி வைப்பார்.

அப்பா காலைத் தொட்டு வணங்கினதாகச் சொல்.

உன் தங்கை,
மாலா


தின்கன்ஜூன், யாங்கோன், மியான்மர்.
22 ஜூலை 2023

அன்புத் தங்கை மாலாவுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். அப்பா தைலம் தேய்த்துக்கொள்கிறார், ஆனால் என்னைத் திட்டிக்கொண்டே. உன் உடம்பைப் பற்றி நீ ஒரே சொல்லில் எழுதிவிட்டாய். சாப்பிடுகிறாயா?

உன் கடிதம், சஜிதாவிடம் துணி வாங்கப்போன ஒரு பெண்ணின் பையில் ஏறி, மழையில் ஒரு மூலை நனைந்து வந்து சேர்ந்தது. போட்டாதாங்கில் என் ஆபீசில் வைத்துத்தான் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே படகுத்துறையில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நீ புல்மலை என்கிறாய். எனக்குக் கண்ணில் மூட்டைதான் தெரிந்தது.

வீடிருந்தும் வெளியே போய்த் தரையில் படுப்பதற்குக் கனடாக்காரர்கள் காசு கொடுக்கிறார்களா? அப்பாவிடம் சொன்னேன். “இங்க கரண்டு போனா நாம வாசல்ல படுக்கறமே, அதுவும் அதானா?” என்றார். இங்கே மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. வந்தால் “மீ லா பீ” என்று தெருவே கத்துகிறது. உடனே எல்லாரும் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுகிறார்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இரண்டு மூன்று நாள் உல்லாசமாகப் போனவர்கள் பதிலுக்கு முகாம் விலாசத்தை ஏன் கொடுக்கவேண்டும்? இந்தக் கடிதம் வரும்போது நீ வீட்டில் அல்லவா இருப்பாய்?

உன் மாமியார் பவுனம்மாள் அத்தையைக் கடைத்தெருவில் பார்த்தேன். சிரித்தேன். அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார். மழை அப்போது பெய்யவில்லை.

குளிரில் போர்த்திக்கொள். உடனே எழுது.

அக்கா
விஜயகுமாரி


ஏரிக்கரை முகாம்.
30 ஆகஸ்ட் 2023

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. டோரீன் அம்மாள் அதைத் தன் சின்ன வண்டியில் கொண்டுவந்து என் கூடாரத்து வாசலில் கொடுத்தார். நன்றாகச் சாப்பிடுகிறேன். அரிசி கிடைக்கிறது. போதுமா?

போன வாரம் ஆலங்கட்டி மழை. நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொன்றும் எலுமிச்சங்காய் அளவு. கூடாரத்தின் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. நானே தைத்துவிட்டேன். இப்போது எனக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று மேகத்தைப் பார்த்தே தெரிகிறது. அதற்குத் தகுந்தபடி முளை அடிக்கிறேன். தரையில் வளை தோண்டி வாழும் அணில் ஒன்று தினமும் வந்து என் செருப்பை மோந்து பார்க்கிறது.

எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பவுனம்மாள் அத்தை ஏதாவது சொன்னார்களா? சொன்னால் எழுது. சொல்லாவிட்டால் நீயாகக் கேட்காதே.

அப்பாவுக்கு மருந்து தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாலா


தின்கன்ஜூன்.
4 அக்டோபர் 2023

மாலாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கும் இல்லை. மனதைப் பற்றிக் கேட்காதே.

சொன்னார்கள். நம் வீட்டுக்கே வந்து சொன்னார்கள். பவுனம்மாள் அத்தையும், கூடக் கோயில் கமிட்டி ஊ அப்பாசாமியும். பர்மிய மரியாதையில் ‘ஊ’ சேர்த்துக் கூப்பிடாவிட்டால் இப்போதும் திரும்பிப் பார்ப்பதில்லை அவர். ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா காலைப் பலகாரத்துக்கு மோஹிங்கா வாங்கிவந்து பிரித்துக்கொண்டிருந்த நேரம்.

அத்தை உட்காரக்கூட இல்லை. “ஒன் மக எம்புள்ளைய விட்டுட்டு ஓடிட்டா, தெரியுமா?” என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. “ஏம்மா, சண்டையா?”

“சண்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. ஏரி பாக்கக் கூட்டிட்டுப் போனான். அங்கயே உக்காந்துட்டா. போய்க் கூப்புட்டும் வரல. வீடு வாசல விட்டுட்டு எவளாவது டென்ட்டுல கெடப்பாளா? எம்புள்ள உதயசூரியன் வெளிய தலை காட்ட முடியல.”

ஊ அப்பாசாமி என்னைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: “தங்கவேலு, ஒண்ணு கல்யாணமே வேணாம்னு உக்காந்திருக்கு. இன்னொண்ணு கட்டினவன் வேணாம்னு உக்காந்திருக்கு. ஒன் வீட்டுல என்னதான் நடக்குது?”

நான், “என்னைப் பத்தி நான் உங்ககிட்ட யோசனை கேக்கல” என்றேன். அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். நான் போகவில்லை.

அவர்கள் போனபிறகு உன் கடிதங்கள் இரண்டையும் எடுத்து வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் “நாங்கள்” என்று எழுதியிருக்கிறாய். இரண்டாவதில் எல்லா வரியிலும் “நான்” மட்டும்தான்.

என்ன நடந்தது? ஒரே ஒரு தடவைதான் கேட்பேன். நீ எதைச் சொன்னாலும் நான் உன் அக்காதான்.

விஜயா


டோரீன் அம்மாள் வீடு.
28 அக்டோபர் 2023

அக்கா,

முகாமைக் குளிர்காலத்துக்கு மூடிவிட்டோம். ஏரி ஓரத்தில் தண்ணீர் உறையத் தொடங்கிவிட்டது. நான் இப்போது பக்கத்து ஊரில், டோரீன் அம்மாள் வீட்டுக் கீழறையில் இருக்கிறேன். கதகதப்பாக இருக்கிறது. கவலைப்படாதே.

போன் தண்ணீரில் விழவில்லை. அது அவரிடம் இருக்கிறது.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. முகாமுக்கு வரும் வழியில் அவரிடம் சொன்னேன், ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குக் கேட்டிருந்தேன், கொடுத்துவிட்டார்கள், திங்கட்கிழமை முதல் போகிறேன் என்று. “என்னைக் கேட்டியா?” என்றார். “இப்ப சொல்றேனே” என்றேன்.  ஏரிக்கரைக்கு வந்து சாமான்களை இறக்கினோம். அவர் ஏதோ யோசித்துக்கொண்டு நின்றார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் திரும்ப வண்டியில் வைத்தார். நாற்காலியை வைத்தார். என் கைப்பையை வைத்தார். “போனைக் குடு” என்றார். படம் எடுக்கக் கேட்கிறார் என்று நினைத்துக் கொடுத்தேன்.

“இங்கயே இருந்து யோசி. புத்தி வந்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இது முதல் தடவை இல்லை அக்கா. ஒரு தடவை கடைவாசலில். ஒரு தடவை ஜனவரிக் குளிரில் நெடுஞ்சாலைப் பெட்ரோல் கடையில். அப்போதெல்லாம் அரை மணி, ஒரு மணி. திரும்பி வருவார். நான் அழுதுகொண்டே ஏறுவேன். அவர் பாட்டுப் போடுவார்.

அன்றும் வருவார் என்று பையில் கட்டியிருந்த கூடாரத்தின்மேல் உட்கார்ந்திருந்தேன். வண்டி போன மண்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதை மேடேறி மேடேறிப் புல்லுக்குள் போய் மறைகிறது. சுற்றிலும் குடும்பங்கள், அடுப்புப் புகை, குழந்தைகள். பசித்தது. வெயில் சாய்ந்தது. அவர் வரவில்லை.

எழுந்து பையைப் பிரித்தேன். நான் வாழ்நாளில் கூடாரம் அடித்ததில்லை. காற்று துணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, நான் துரத்திக்கொண்டு ஓடினேன். அப்போதுதான் வாடகை வசூலிக்க டோரீன் அம்மாள் வந்தார். வீட்டுக்காரர் எங்கே என்றார். கடைக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கம்பியின் மறுமுனையைப் பிடித்தார். பிறகு பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே படுத்தபோது பயப்படுவேன் என்று நினைத்தேன். பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. கோபம் வந்ததும் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

காலையில் வந்தார். கண்ணாடியை இறக்கி, கையில் எனக்கு ஒரு காப்பி. சிரித்துக்கொண்டே, “என்ன, புத்தி வந்துச்சா? ஏறு” என்றார்.

“நான் வரல.”

“வெளையாடாத. ஏறு.”

“நான் வரலன்னு சொன்னேன்.”

“இங்க என்ன பண்ணுவ? கையில காசு இருக்கா, கார்டு இருக்கா? நான் ஒரு வார்த்த சொன்னாப் போதும், ஒன்னை ரங்கூனுக்கே திருப்பி அனுப்பிருவாங்க.”

“சொல்லுங்க. இப்ப நான் ஏறல.”

ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஏரியில் இருந்த பறவையெல்லாம் எழுந்து பறந்தது. பக்கத்துக் கூடாரக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். கடைசியில் காப்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் காப்பியைக் குடித்துவிட்டேன். எதற்கு வீணாக்கவேண்டும்?

அதன்பிறகு முகாமில் கழிவறை கழுவினேன், குப்பை அள்ளினேன், விறகு கட்டி விற்றேன். டோரீன் அம்மாள் சம்பளம் கொடுத்தார். ரொட்டிக் கடை வேலை போய்விட்டது. பரவாயில்லை.

ஒன்று கேட்கிறேன். அப்பாவிடம் இதைச் சொல்லாதே. அவர் பார்த்து முடித்த கல்யாணம். மகளை நடுவழியில் இறக்கிவிட்டுப் போனான் என்று கேட்டால் தாங்கமாட்டார். நான் ஓடிவிட்டேன் என்று கோபப்படட்டும். கோபம் அவரை ஒன்றும் செய்யாது.

மாலா


தின்கன்ஜூன்.
3 டிசம்பர் 2023

அன்பு மகள் மாலாவுக்கு உன் தந்தை தங்கவேலு ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்கு இறைவனை வேண்டுகிறேன்.

உன் செய்கை குறித்துப் பெரியவர்கள் மிகவும் மனவருத்தம் அடைந்துள்ளார்கள். குடும்பம் என்றால் நாலும் இருக்கும். பெண் பொறுத்துப் போகவேண்டும். மாப்பிள்ளை உன்னை அடித்தவரோ குடித்தவரோ அல்ல. ஆகவே இக்கடிதம் கண்டதும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீடு சேர்ந்து, சேர்ந்த விவரத்தை எழுதவேண்டியது. இல்லையெனில் நம் குடும்பம் கோயிலில் நாலு பேர் முன் நிற்க முடியாத நிலை வரும்.

இப்படிக்கு,
த. தங்கவேலு

மாலா, இதற்குக் கீழே எழுதுவது நான். மேலே இருப்பது அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. பாதி ஊ அப்பாசாமி அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது. எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். உறையில் போடுமுன் வாங்கிப் படித்தும் பார்த்தார். அதனால் உறையை மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன்.

கையெழுத்து என்னுடையது. ஒரு சொல்லும் என்னுடையது இல்லை.

அப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. நீ கேட்டாய் என்பதற்காக. ஆனால் அவர் “அடித்தவரோ குடித்தவரோ அல்ல” என்று சொன்னபோது பேனாவை உடைத்திருப்பேன்.

போகாதே. குளிருக்கு நல்ல உடுப்பு வாங்கு. டோரீன் அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். எப்படிச் சொல்வாயோ சொல்.

விஜயா


டோரீன் அம்மாள் வீடு.
31 டிசம்பர் 2023

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் நலமா? நான் நலம். வெளியே கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. புல்மலையெல்லாம் பனிக்கு அடியில் இருக்கிறது.

இங்கே முதியோர் இல்லத்தில் சமையல்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் நாள் சாம்பார் வைத்தேன். இரண்டு கிழவர்கள் மறுபடி கேட்டார்கள். மூன்றாமவர் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார்.

டோரீன் அம்மாள் என்னை இலவச வக்கீலிடம் கூட்டிப்போனார். என் வீட்டுக்காரரால் என்னை ஊருக்கு அனுப்ப முடியாதாம். என் குடியிருப்பு அட்டை அவரிடம் இருந்தாலும் இங்கே இருக்கும் உரிமை என்னுடையதாம். இத்தனை நாள் அந்த ஒரு மிரட்டலுக்குத்தான் அக்கா நான் ஏறினேன். விவாகரத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன்.

இந்த வரியை அப்பாவுக்குப் படித்துக்காட்டு: அப்பா, நீங்கள் சொன்ன எதையும் நான் மீறியதில்லை. இதை மீறுகிறேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன், அவரிடமும் உங்களிடமும்.

அவ்வளவுதான். தைலம் தேய்க்கச் சொல்.

மாலா


தின்கன்ஜூன்.
30 ஜனவரி 2024

அன்பு மாலாவுக்கு,

நாங்கள் நலம். இந்தத் தடவை அதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வருமுன்னே உதயசூரியன் வந்துவிட்டார். பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்க வந்தாராம். இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு சாயங்காலம் நம் வீட்டில் பேச்சுவார்த்தை. பவுனம்மாள் அத்தை, ஊ அப்பாசாமி, அவர். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

“மாமா, நான் அடிச்சேனா, கேளுங்க. ஒரு நாள் கை வெச்சதில்ல” என்று ஆரம்பித்தார்.

“அதானே” என்றார் ஊ அப்பாசாமி.

“சாப்பாட்டுக்குக் கொறை வெச்சேனா? சினேகிதிக யாராவது கெடுத்திருக்கணும். எனக்கு அவ மேல கோபம் இல்ல. ஒரு மன்னிப்புக் கேட்டாப் போதும்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. உனக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது, நான் எதையும் சொல்லக்கூடாது. கேட்கக்கூடாது என்று நீ சொல்லவில்லையே.

“அன்னிக்கு ஏரிக்கு எதுல போனீங்க?” என்றேன்.

“கார்லதான்.”

“திரும்பி எதுல வந்தீங்க?”

“கார்ல.”

“மாலா எதுல வந்தா?”

அவர் டீயை எடுத்தார். ஊ அப்பாசாமி, “விஜயா, ஆம்பளைங்க பேசும்போது...” என்றார். அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். “அவ கேக்கட்டும். சொல்லு மாப்ள. எதுல வந்தா?”

உதயசூரியன் சிரித்தார். “ஒரே ஒரு ராத்திரி மாமா. ஒரு பாடம் படிக்கட்டும்னு விட்டுட்டு வந்தேன். காலைல போயிட்டேனே. காப்பிகூட வாங்கிட்டுப் போனேன். காடு இல்ல அது, கேம்ப்பு. சுத்தி ஆளுங்க இருக்காங்க.”

அப்பா டீயைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அவ பர்சு?”

“எங்கிட்ட இருந்துச்சு.”

“போனு?”

“அதுவும்... பத்திரமா எங்கிட்டதான் இருந்துச்சு.”

“நான் தொறமொகத்துல கிரேன் ஓட்டினவன்” என்றார் அப்பா. “தூக்கின சாமான நடுவுல தொங்க விட்டுட்டு ஒரு நாளும் வீட்டுக்குப் போனதில்ல. எம்பொண்ண நீ தொங்க விட்டுட்டு வந்திருக்க. அத எங்கிட்டயே சிரிச்சுக்கிட்டுச் சொல்ற.”

“தங்கவேலு, பொறு, பேசித் தீத்துக்கலாம்” என்றார் ஊ அப்பாசாமி.

“பேசியாச்சுங்க. அவனே பேசிட்டான். எந்திரிங்க.”

எழுந்தார்கள். உதயசூரியன் ஏதோ கத்திக்கொண்டே படி இறங்கினார். அத்தைதான் கடைசி. வாசலில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்து, என் முகத்தைப் பார்க்காமல், “குளுருக்கு அவகிட்ட கனமா ஏதும் இருக்கா?” என்றார். “இருக்கு” என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீ சொன்ன வரியைப் படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, “பதில் எழுது. அவ இஷ்டம்னு எழுது. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சேக்காத” என்றார்.

எழுதிவிட்டேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

அக்கா
விஜயா


தின்கன்ஜூன்.
2 ஏப்ரல் 2024

அன்புள்ள மாலா,

ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. சஜிதாவிடம் கேட்டால் தன்னிடம் எதுவும் வரவில்லை என்கிறாள். வழியில் எங்கோ நிற்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். நீ நலமாக இரு. நாங்கள் நலம். வெயில்தான் கொல்கிறது. மின்சாரம் வந்தாலும் கத்துவதற்கு யாருக்கும் தெம்பில்லை.

பங்குனி உத்திரம் நடந்தது. இத்தனை வருஷம் அன்னதானச் சமையலுக்கு நான்தானே முன்னால் நிற்பேன். இந்த வருஷம் “ஓய்வெடுங்க” என்று கமிட்டியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அப்பாவிடம் சொன்னேன். “சமைக்க வேணாம்னாங்க. சாமி கும்பிட வேணாம்னு சொல்லலையே” என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

குடும்பம் குடும்பமாகப் பேர் சொல்லி அர்ச்சனை நடந்தது. நம் பேர் வரவில்லை. நமக்குப் பின்னால் சீட்டு எழுதியவர்கள் பேர் வந்தது. அப்பா வரிசையை விட்டு விலகி நேரே சன்னதி முன்னால் போய் நின்றார்.

“சாமி, ஒரு பேரு விட்டுப்போச்சு.”

ஐயர் ஊ அப்பாசாமியைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அப்புறம் பாத்துக்கலாம் தங்கவேலு, நகரு. ஜனம் நிக்குது.”

“நானும் ஜனந்தான்.”

அப்பா நகரவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். பின்னால் வரிசை முனகியது. அப்போது சமையல்கட்டிலிருந்து ரத்தினம்மாள் அக்கா வெளியே வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பின்னால் நின்றார். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.  அடுப்பில் சோறு குழைகிற வாடை வந்தது. ஊ அப்பாசாமி ஐயருக்குத் தலையாட்டினார்.

ஐயர், “தங்கவேலு, விஜயகுமாரி...” என்று தொடங்கினார்.

“மாலாவையும் சேத்துச் சொல்லுங்க” என்றார் அப்பா. “சுவாதி நட்சத்திரம்.”

சொன்னார், மாலா. கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

சாயங்காலம் தேர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதிலிருந்து பையன்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை. மீதிப்பேர் வெளியே வருவதில்லை. வடம் பிடிக்க ஆள் போதவில்லை. கமிட்டிக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ரத்தினம்மாள் அக்கா, “ஓய்வெடுத்தது போதும் விஜயா, வா” என்றார். நாங்கள் இழுத்தோம். கையெல்லாம் கொப்புளம். அதனால்தான் எழுத்து இப்படி இருக்கிறது.

ஒரு வரியாவது எழுது.

விஜயா


ஏரிக்கரை முகாம்.
3 ஜூன் 2024

அன்பான அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

உங்கள் இருவர் பேரையும் சேர்த்து எழுதி வெகு நாளாகிவிட்டது. நான் நலம். உன் ஜனவரிக் கடிதமும் ஏப்ரல் கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலில் எதைப் படிப்பது என்று தெரியாமல் இரண்டையும் வைத்துக்கொண்டு விறகுக் குவியலில் உட்கார்ந்திருந்தேன். மார்ச்சில் நான் ஒன்று எழுதினேன், அது போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பனி, குளிர், சாம்பார்.

முகாம் மே மாதம் திறந்துவிட்டது. இந்த வருஷம் நான் கழிவறை கழுவுவதில்லை. ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறேன். பச்சைச் சட்டை, நெஞ்சில் பேர். டோரீன் அம்மாளுக்கு இடுப்பு முடியவில்லை. வருகிறவர்களை நான்தான் பார்க்கிறேன்.

திறந்த முதல் நீண்ட விடுமுறை. வண்டிகள் மேட்டுப்பாதையில் வரிசையாக நின்றன. ஒன்றை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் அவர். புது வண்டி. பின் இருக்கையில் அவர் கூட வேலை செய்யும் ஒருவரும், அந்த ஆளுடைய மனைவியும்.

“இங்கதான் இருக்கியா?” என்றார்.

“எத்தனை டென்ட்டு?”

“மாலா, வெளிய வா. பேசணும்.”

“பின்னால வண்டி நிக்குது. எத்தனை டென்ட்டு?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “ரங்கூன்ல என்னை அசிங்கப்படுத்திட்டாங்க ஒங்க வீட்டுல. நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கல. ஒன் நகை, பொடவை எல்லாம் அப்படியே இருக்கு. வந்து எடுத்துக்க. கேஸ வாபஸ் வாங்கு.”

“நகை இருக்கட்டும். கேஸும் இருக்கட்டும்.”

“இப்படி ஒரு சட்டையப் போட்டுக்கிட்டு, வர்றவன் போறவனுக்கெல்லாம் சீட்டுக் கிழிச்சுக்கிட்டு... இதுக்குத்தான் என்னை விட்டுட்டு வந்தியா?”

சீட்டுப் புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன் அக்கா.  

“ஆமா” என்றேன். “இதுக்குத்தான்.”

பின் இருக்கையில் இருந்த பெண் என்னையே பார்த்தாள். நம் ஊர்ப் பெண், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். அவள் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வரிசையில் யாரோ ஒருவர் ஹாரன் அடித்தார். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். திருப்ப இடம் போதாமல் முன்னும் பின்னுமாக மூன்று நான்கு தடவை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு வந்த பாதையிலேயே மேடேறிப் போய்விட்டார்.

அடுத்த வண்டி முன்னால் வந்தது. அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள், கூரைமேல் ஒரு படகு.

“எத்தனை டென்ட்டு?” என்று கேட்டேன்.

உங்கள் மகள்,
மாலா